ஒன்பதுக்கு அடுத்து என்ன?

கணினித் திரையில் 9 என்று தெரிகிறது. நமக்கு அது எண். டெக்ஸ்ட் எடிட்டருக்கு அது வெறும் எழுத்து. ‘அ’ எப்படியோ, காற்புள்ளி எப்படியோ, அப்படித்தான் 9-ம். ஆஸ்கி அட்டவணையில் 0-வுக்கு 48, 1-க்கு 49 என்று வரிசையாகக் குறியெண் கொடுத்திருக்கிறார்கள். 9-க்கு 57. அந்தக் குறியெண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள், 58 வரும். 58 என்பது முக்காற்புள்ளியின் குறியெண். எடிட்டரைத் தன் போக்கில் கூட்டவிட்டால் ஒன்பதுக்கு அடுத்து வருவது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள்தான்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், சினிமாவுக்கு சப்டைட்டில் போடுகிறவர்கள், விலைப்பட்டியல் தட்டுகிறவர்கள், நிரல் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் அடிக்கடி வருகிற வேலை ஒன்று உண்டு. ஒரு கோப்பில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் எண்களை மட்டும் மாற்ற வேண்டும். மற்ற எழுத்து ஒன்றுகூட அசையக் கூடாது. பத்து எண் என்றால் கையாலேயே மாற்றிவிடலாம். ஆயிரம் என்றால் விரல் வலிக்கும், கண் ஏமாறும். எக்செலுக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்கலாம். எல்லாக் கோப்பும் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருப்பதில்லையே. சப்டைட்டில் கோப்பில் வசனத்துக்கு வசனம் நடுவே நேரம் இருக்கும். படம் இரண்டரை விநாடி தள்ளி ஓடுகிறது என்றால் அத்தனை நேரத்தையும் இரண்டரை விநாடி நகர்த்த வேண்டும். எல்லா எடிட்டரிலும் இருக்கிற ‘தேடி மாற்று’ வசதி இங்கே கைகொடுக்காது. அது ஒன்றைத் தேடி, அதற்குப் பதிலாக முன்பே சொல்லிவைத்த ஒன்றைப் போடும். இங்கேயோ ஒவ்வோர் எண்ணுக்கும் புது மதிப்பு வேறு வேறு.

அதனால்தான் எடிட்டருக்குள்ளேயே ஓடும் குட்டி நிரல்கள் வந்தன. வழக்கில் ஸ்கிரிப்ட் என்போம். பெரும்பாலும் ஒரு வரி, மிஞ்சினால் ஐந்தாறு வரி. எண்போல் இருக்கும் எழுத்துகளைக் கண்டுபிடிப்பது, அவற்றை மெய்யான எண்ணாக்குவது, கணக்குப் போடுவது, விடையை மறுபடி எழுத்தாக்கிப் பழைய இடத்திலேயே வைப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. சொல்வதற்குச் சுலபம். தகராறு இதன் ஒவ்வொரு படியிலும் இருக்கிறது.

உருவம் தெரியும், மதிப்பு தெரியாது

கண்டுபிடிக்கும் வேலையைச் செய்வது ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரீஜெக்ஸ். இதன் பிறப்பு எடிட்டர் உலகத்துக்கு வெகு தூரத்தில் நடந்தது. 1943-ல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் மூளையின் நரம்பணுக்களுக்கு ஒரு கணித மாதிரி அமைத்தார்கள். அந்த வலைப்பின்னல் எந்தெந்த நிகழ்வு வரிசைகளை அடையாளம் காணும் என்று ஆராய்ந்த தர்க்கவியலாளர் ஸ்டீபன் கிளீனி, 1951-ல் ராண்ட் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் அதற்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். பதினேழு ஆண்டு கழித்து, 1968-ல், பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் அதே குறியீட்டை எழுத்துகளைத் தேடும் உத்தியாக மாற்றிக் கட்டுரை வெளியிட்டார். நரம்பணுவுக்காக எழுதிய கணிதம் எடிட்டருக்குள் வந்து குடியேறியது இப்படித்தான்.

‘ஒன்றோ அதற்கு மேலோ இலக்கங்கள் தொடர்ந்து வரும் இடம்’ என்று ரீஜெக்ஸில் சொல்வது எளிது. ‘ஐம்பதைவிடப் பெரிய எண்’ என்று சொல்வது பெரும்பாடு. ரீஜெக்ஸுக்கு உருவம்தான் தெரியும், மதிப்பு தெரியாது. பிடித்த துண்டுகளை இடம் மாற்றி வைக்கும், திரும்ப எழுதும், கூட்டத் தெரியாது. ஆகவே எடிட்டர் எழுதியவர்கள் ஒரு வாசலைத் திறந்துவிட்டார்கள். மாற்றாக என்ன போடுவது என்று எழுதும் இடத்தில், எழுத்துக்குப் பதிலாக ஒரு கணக்கையே எழுதலாம் என்றார்கள். லாரி வால் 1987-ல் வெளியிட்ட பெர்ல் மொழி பிற்பாடு இதை ஓர் ஒற்றை எழுத்தில் அடக்கியது. விம் எடிட்டரில் ‘\=’ என்று தொடங்கினால் அதற்குப் பின்னால் வருவது கணக்கு. இமாக்ஸ் எடிட்டரில் 2007-ல் வந்த 22-ஆம் பதிப்பு முதல் ‘\,’ அதே வேலையைச் செய்கிறது.

இலக்கம் என்றால் எது என்பதிலும் ஒருமித்த கருத்து கிடையாது. விம்முக்கு 0 முதல் 9 வரை மட்டுமே இலக்கம். தமிழ் எண்களான ௧, ௨, ௩ அதற்கு வெறும் குறிகள். சப்ளைம் டெக்ஸ்ட் எடிட்டருக்கு எழுதும் நீட்சிகள் பைத்தான் மொழியில் ஓடுகின்றன. பைத்தானின் ரீஜெக்ஸோ யூனிகோடில் இலக்கம் என்று பதிவான எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளும். ‘௧௫’ என்று கொடுத்து எண்ணாக்கச் சொன்னால் 15 என்று சரியாகச் சொல்லிவிடும். ஆனால் பழைய முறைப்படி பத்தும் ஐந்தும் சேர்த்து ‘௰௫’ என்று கொடுங்கள், பிழை என்று கைவிரித்துவிடும். யூனிகோடில் ௰, ௱, ௲ ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு, இடமதிப்பு இலக்கம் என்ற தகுதி இல்லை. பழைய தமிழ் நூல்களின் பக்க எண்களை நிரல் வைத்துத் திருத்தப் போகிறவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

ஒரு விலைப்பட்டியலின் கதை

இனி ஒரு சின்னக் கோப்பை எடுத்துக்கொள்வோம்.

இட்லி (2) 40
பூரி செட் 60
சாப்பாடு 100

எல்லா விலையையும் பத்து சதவீதம் ஏற்ற வேண்டும். இமாக்ஸில் ‘இலக்கங்கள் வரும் இடத்தையெல்லாம் 1.1-ஆல் பெருக்கு’ என்று ஒரே வரியில் எழுதி, யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் கிடைப்பது இது:

இட்லி (2.2) 44.0
பூரி செட் 66.0
சாப்பாடு 110.00000000000001

இரண்டு இட்லி இரண்டே கால் இட்லிக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. பட்டியலின் அடியில் கடையின் போன் நம்பர் இருந்திருந்தால் அதுவும் பத்து சதவீதம் ஏறியிருக்கும். ரீஜெக்ஸ் செய்தது தவறல்ல. இலக்கம் எங்கே இருந்தாலும் பிடி என்றுதான் சொன்னோம், பிடித்தது. ‘வரியின் கடைசியில் நிற்கும் இலக்கங்கள்’ என்று குறுக்கினால் அந்த 2 தப்பிக்கும். போன் நம்பர் தப்பிக்காது, அதுவும் வரிக் கடைசியில்தான் இருக்கும். ‘அதிகபட்சம் மூன்று இலக்கம், அதற்கு முன் ஓர் இடைவெளி’ என்று இன்னும் இறுக்க வேண்டும்.

சாப்பாட்டின் விலையில் தொங்கும் அந்தக் கடைசி 1 வேறொரு கதை. நாம் 1.1 என்று எழுதுவதைக் கணினி இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கைப் பதின்மத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா, அதுபோல 1.1 இரும எண்ணில் முடிவில்லாமல் போகும். ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். 1985-ல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரநிலை எங்கே, எப்படி வெட்டுவது என்று விதித்தது. இன்றைய கணினிகள் ஏறக்குறைய எல்லாமே அதைத்தான் பின்பற்றுகின்றன. வெட்டிக் கடைசி இலக்கத்தை முழுதாக்கியபின் கிடைப்பது 1.1-ஐவிட ஒரு துளி பெரியது. நாற்பதோடும் அறுபதோடும் பெருக்கும்போது அந்தத் துளி, விடையை முழுதாக்கும்போது மறைந்துவிடுகிறது. நூறோடு பெருக்கும்போது மறையாமல் வெளியே தலைகாட்டுகிறது. தப்பிக்க வழி: தசமத்தையே தொடாதீர்கள். 11-ஆல் பெருக்கி 10-ஆல் வகுங்கள். முழு எண்ணாகவே உள்ளே போய் முழு எண்ணாகவே வெளியே வரும். பதினைந்து ரூபாய் மெதுவடை இருந்தால் விடை 16.5, முழு எண் வகுத்தலில் அரை ரூபாய் காணாமல் போய் 16 ஆகும். 16-ஆ 17-ஆ என்பது கடைக்காரர் முடிவு, நிரலின் முடிவல்ல.

இதைவிடத் தந்திரமான பிழை ஒன்று காற்புள்ளி போட்ட தொகைகளில் வரும். 1,25,000 என்ற தொகையை இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். நடுவில் காற்புள்ளி இருப்பதால் ரீஜெக்ஸ் இதை மூன்று எண்களாகப் பார்க்கும்: 1, 25, 000. தனித்தனியே இரட்டித்தால் 2, 50, 0. திரும்ப வைத்தபின் கோப்பில் 2,50,0 என்று இருக்கும். அவசரத்தில் பார்த்தால் சரிபோலவே தெரியும். இரண்டே கால் இட்லி உடனே கண்ணில் படும், இது படாது. என்னைக் கேட்டால் முதல் வகைப் பிழையைச் செய்யும் நிரலே நல்ல நிரல்.

அதனால்தான் இமாக்ஸில் ஒவ்வோர் இடத்திலும் நின்று ‘மாற்றட்டுமா?’ என்று கேட்கும் முறை இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சரி, வேண்டாம் என்று சொல்லிப் போகலாம். நாலைந்து இடம் பார்த்து நம்பிக்கை வந்தபின் ஆச்சரியக்குறியைத் தட்டினால் மிச்சத்தையும் மாற்றிவிடும். விம்மில் கட்டளையின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அதே விசாரணை. பெரிய நிரல்களில்கூட இவ்வளவு பதமான வசதி கிடைப்பது அபூர்வம்.

ஒரே விசையில் ஒன்று கூட்டுதல்

விம்மை எழுதியவர் நெதர்லாந்தின் பிராம் மூலெனார். 1991-ல் அமிகா கணினிக்காக வெளியிட்டார். இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிடித்திருந்தால் உகாண்டாவின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2023-ல் காலமானார். விம்மில் எண்ணின்மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்-ஏ அழுத்தினால் எண் ஒன்று கூடும். 9 பத்தாகும், 99 நூறாகும். எண்ணும் எழுத்தும் மாறிமாறிக் கைமாறும் அந்த நான்கு படிகளும் ஒரு விசைக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன.

2025-03-14 என்ற தேதியில் 14-ன் மேல் கர்சரை வைத்து அதே கண்ட்ரோல்-ஏ அழுத்துங்கள். மறுநாள் தேதி வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது 2025-03-13. முன்னால் இருக்கும் சிறுகோட்டை விம் கழித்தல் குறியாக எடுத்துக்கொண்டு, மைனஸ் பதினான்கோடு ஒன்றைக் கூட்டி மைனஸ் பதின்மூன்று ஆக்கிவிடுகிறது. கணக்கு சரி, தேதி தவறு. 007-ல் அழுத்தினால் சில கணினிகளில் 008 வரும், சிலவற்றில் 010 வரும். பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண் என்பது சி மொழியின் பழைய வழக்கம். விம்மும் அதைச் சுமந்து வந்தது. எட்டடிமானத்தில் ஏழுக்கு அடுத்தது 10. 2016-ல் வந்த 8-ஆம் பதிப்பில் இயல்பான அமைப்பிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். ஆனால் சொந்தமாக அமைப்புக் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்த இயல்பான அமைப்பு ஏற்றப்படுவதில்லை. ஆக, பல வருடம் விம்மில் ஊறியவர்களிடம்தான் 010 இன்னும் எட்டிப் பார்க்கிறது.

நிரல் என்று சொல்லாமல் சொல்லிக் கொடுத்தது

எடிட்டருக்குள் நிரல் என்ற எண்ணம் புதிதல்ல. 1962-63 வாக்கில் எம்ஐடியில் டான் மர்ஃபி, பிடிபி-1 கணினிக்காக டெக்கோ என்ற எடிட்டரை எழுதினார். அன்று நிரல்கள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. நாடாவைத் திருத்துவதற்குத்தான் டெக்கோ. அதில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. கட்டளைகளைக் கோத்தால் அதுவே நிரல். உங்கள் பெயரை டெக்கோவில் தட்டினால் கோப்புக்கு என்ன கதி ஆகும் என்று ஊகிப்பது அந்தக் கால நிரலாளர்களின் பொழுதுபோக்கு. 1976-ல் எம்ஐடி செயற்கை அறிவு ஆய்வகத்தில் டெக்கோ நிரல்களின் தொகுப்பாகவே இமாக்ஸ் உருவானது. ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் முதலானோர் அதில் பங்கெடுத்தார்கள்.

டெக்கோ நிரலைப் படிப்பது கொடுமை. அது நிரல் மொழியாகத் திட்டமிட்டுப் பிறந்ததல்ல, எடிட்டர் கட்டளைகள் வளர்ந்து நிரல் மொழியாகிவிட்டன. 1978-ல் பெர்னார்ட் கிரீன்பெர்க் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கு இமாக்ஸை எழுதியபோது, முழுவதையும் லிஸ்ப் மொழியில் எழுதினார். அதன் விளைவைப் பற்றி ஸ்டால்மன் பிற்பாடு ஓர் உரையில் சொன்ன சம்பவம் சுவையானது. கிரீன்பெர்க்கின் அலுவலகத்துச் செயலர்கள் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுதிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கையிலிருந்த கையேடு இமாக்ஸை எப்படி நீட்டிக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்ததே தவிர, இதற்குப் பெயர் நிரல் எழுதுதல் என்று எங்கும் சொல்லவில்லை. தங்களுக்கு நிரல் எழுத வராது என்று நம்பியிருந்தவர்கள், எழுதிக்கொண்டிருப்பது நிரல் என்று தெரியாமலே எழுதினார்கள். கணினிக் கல்வி பற்றி நம் ஊரில் நடக்கும் எத்தனையோ கருத்தரங்குகளைவிட இந்த ஒரு கையேடு நமக்குச் சொல்ல அதிகம் வைத்திருக்கிறது.

ஒரு வரிசை எண்ணும் ஆயிரம் ஆண்டும்

கோப்பைத் திருத்தும்போதெல்லாம் கூட்ட வேண்டிய ஓர் எண் இணையத்தின் அடித்தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. ஒரு பெயர் மண்டலத்தின் விவரங்கள் எளிய எழுத்துக் கோப்பாக முதன்மை சர்வரில் இருக்கும். துணை சர்வர்கள் அதன் நகலை வைத்திருக்கும். மூலக் கோப்பு மாறியதா என்று தெரிந்துகொள்ள அவை பார்ப்பது கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு வரிசை எண்ணை. அது கூடியிருந்தால் புது நகல் எடுக்கும். இல்லாவிட்டால் பேசாமல் இருந்துவிடும். கோப்பைத் திருத்திவிட்டு இந்த எண்ணைக் கூட்ட மறந்தால் முதன்மை சர்வர் ஒன்று சொல்லும், துணை சர்வர்கள் வேறொன்று சொல்லும். சிஸ்டம் நிர்வாகிகள் பலரையும் தூங்கவிடாமல் செய்த பிழை இது.

வழக்கமாக இந்த எண்ணைத் தேதியாக எழுதுவார்கள்: 2025 மார்ச் 14-ன் முதல் திருத்தம் என்றால் 2025031401. இதற்கான ஸ்கிரிப்ட் இரண்டே விதியில் அடங்கும். இன்றைய தேதியோடு 01 சேர். கோப்பில் இருப்பது ஏற்கெனவே அதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால், இருப்பதோடு ஒன்றைக் கூட்டு. இமாக்ஸில் இந்தக் கோப்புகளுக்கென்றே ஒரு முறைமை இருக்கிறது. அதில் ஒரு கட்டளை இந்த வேலையைச் செய்துவிடும்.

கையால் தட்டும்போது 2-க்குப் பதில் 3 விழுந்து 3025031401 ஆகிவிட்டது என்று வையுங்கள். துணை சர்வர்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும், எண் கூடித்தானே இருக்கிறது. அதன்பின் சரியான தேதியைப் போட்டால் பழைய எண் என்று தள்ளிவிடும். ஆயிரம் வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, வழி இருக்கிறது. இது 32 பிட் எண், 4294967295-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்குச் சுற்றி வந்துவிடும். எது முன், எது பின் என்பதை இந்த வட்டத்தில் பாதிச் சுற்றை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். தவறான எண்ணோடு 2147483647-ஐக் கூட்டினால் சுற்றி வந்து 877547752 கிடைக்கும். நமக்கு இது சிறிய எண்; துணை சர்வருக்கோ முன்னே போன எண். எல்லாத் துணை சர்வரும் அதை எடுத்துக்கொள்ளும் வரை காத்திருந்து, பிறகு 2025031402 என்று போட்டால் அதுவும் முன்னே போனதுதான். இரண்டே அடியில் ஆயிரம் வருடம் பின்னால் வந்துவிடலாம்.

இரண்டு முறை ஓடினால்

விலையைப் பத்து சதவீதம் ஏற்றும் நிரலைக் கைதவறி இரண்டு முறை ஓட்டினால் விலை 21 சதவீதம் ஏறிவிடும். வரிசை எண் நிரலை இரண்டு முறை ஓட்டினால் எண் ஒன்று கூடுதலாகப் போகும், அவ்வளவுதான், கெட்டது எதுவுமில்லை. கோப்பின் தலையில் ‘கடைசியாகத் திருத்திய நாள்’ என்ற இடத்தில் இன்றைய தேதியை எழுதும் நிரலை நூறு முறை ஓட்டினாலும் ஒரே விடை. எழுதும் முன் உங்கள் நிரல் இந்த மூன்றில் எது என்று ஒரு நிமிடம் யோசித்தால் பல சங்கடம் மிச்சம்.

முதல் வகையை மூன்றாவது வகையாக்க ஒரு வழி உண்டு. பழைய விலையை அழிக்காமல் ஒரு பத்தியில் வைத்து, புது விலையைப் பக்கத்துப் பத்தியில் கணக்கிடுவது. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-ல் தொடங்கிய ஆர்க் மோட் இமாக்ஸுக்குள் இதைச் செய்கிறது. வெறும் எழுத்தால் வரைந்த அட்டவணை. அதன் அடியில் ஒரு வரியில் சூத்திரம். கர்சரை அந்த வரியில் வைத்து கண்ட்ரோல்-சி இரண்டு முறை அழுத்தினால் அட்டவணை தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும். எத்தனை முறை அழுத்தினாலும் விடை மாறாது. எப்படிக் கணக்கிட்டோம் என்பதும் கோப்பிலேயே இருக்கும்.

இடம் சம்பந்தமான ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 99 என்பது 100 ஆனால் கோப்பு ஓர் எழுத்து நீளும். அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே ஓரிடம் தள்ளிப்போகும். எண்கள் இருக்கும் இடங்களை முதலிலேயே குறித்துக்கொண்டு மேலிருந்து திருத்தத் தொடங்கும் நிரல், இரண்டாவது மூன்றாவது எண்ணிலேயே தடம் புரண்டு வசனத்தின்மேல் கைவைத்துவிடும். கடைசியிலிருந்து மேல்நோக்கித் திருத்தினால் இந்தத் தொல்லை இல்லை. சொந்தமாக எழுதுகிறவர்கள் அப்படியே செய்யுங்கள்.

எடிட்டருக்குள் நிரல் ஓடும் என்றால் அடுத்தவர் நிரலும் ஓடும். வேர்ட் மேக்ரோவாக 1999 மார்ச்சில் கிளம்பிய மெலிசா வைரஸ் மின்னஞ்சல் வழியே உலகம் சுற்றியது. 2019-ல் விம்மில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது: சில வரிகளைச் சூழ்ச்சியாக எழுதிவைத்த கோப்பைத் திறந்தாலே போதும், அதிலுள்ள கட்டளை உங்கள் கணினியில் ஓடிவிடும். உடனே அடைத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய பதிப்பை வைத்திருந்தால் இன்றே புதுப்பித்துவிடுங்கள். கோப்பைத் திறக்கும்போது ‘இதில் உள்ள நிரலை ஓட்டட்டுமா?’ என்று இமாக்ஸ் கேட்டால், படித்துப் புரியாதவரை வேண்டாம் என்றே சொல்லுங்கள். எங்கிருந்தோ எடுத்த ஒரு வரி ஸ்கிரிப்டை ஒட்டும் முன், கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.